ஆராய்ச்சி பண்றவங்க ட்விட்டர்ல இருந்து ஜாகை மாத்துறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், ட்விட்டர (இப்ப பேரு எக்ஸ்) விட்டுட்டு ப்ளூஸ்கை மாதிரி வேற தளத்துக்கு தனியா மூட்டை கட்டிக்கிட்டு போனா ஒரு பிரயோஜனமும் இல்ல. 2022 அக்டோபர் கடைசில ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலர் குடுத்து ட்விட்டர வாங்கினதும் எங்க ஃபீல்டுல நெறைய பேர் "நான் மாஸ்டடான் போறேன்"னு (அதுவும் ட்விட்டர் மாதிரி ஒரு தளம்தான்) கடைசியா ஒரு போஸ்ட் போட்டுட்டு கெளம்பினாங்க, நானும் கெளம்பினேன், மூணு மாசத்துல சத்தமில்லாம திரும்பி வந்துட்டோம். ஆப்ல கொறை இல்ல, அங்க பேச ஆள் இல்ல, அவ்ளோதான்.

அப்புறம் ஏன் மறுபடி கெளம்பினோம்னா, பேப்பர் வந்தா லிங்க் போடணும், அதுக்குத்தான் நம்மாளுங்க ட்விட்டர்ல இருந்ததே. லிங்க் இருக்குற போஸ்ட்டையே அதிகம் பேருக்கு காட்டாம அமுக்குறாங்கன்னு ஆளாளுக்கு புலம்பிட்டு இருந்தப்ப, லிங்க்க கீழ ரிப்ளைல போடுங்கன்னு 2024 நவம்பர்ல மஸ்க்கே சொன்னாரு. ட்விட்டர் டேட்டாவ வச்சு ஆராய்ச்சி பண்றவங்க பாடு இன்னும் மோசம், மாசம் 1 கோடி ட்வீட் வரைக்கும் இலவசமா குடுத்துட்டு இருந்த அகாடமிக் ஏபிஐய (ஆராய்ச்சிக்கு ட்வீட்ட மொத்தமா எடுக்குற வழி) 2023ல மூடிட்டு, மாசம் 100 டாலர் கட்டு, 10,000 ட்வீட் படிச்சுக்கோன்னாங்க. இதுல பிஎச்டி எங்க முடிக்கிறது. 2024 நவம்பர்ல அமெரிக்க எலெக்‌ஷன், நாம பிளாக் பண்ணவங்களும் நம்ம போஸ்ட்ட பாக்கலாம்ங்கிற மாத்தம், போஸ்ட்ட ஏஐ ட்ரெயினிங்குக்கு எடுத்துக்கலாம்ங்கிற புது விதி எல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்துச்சு, அந்த மாசமே ப்ளூஸ்கை 2 கோடி பேரைத் தாண்டிடுச்சு.

இந்த தடவை ப்ளூஸ்கைல நெலச்சதுக்கு என்னைக் கேட்டா காரணம் ஸ்டார்ட்டர் பேக். ஒரு ஃபீல்டு ஆளுங்க 150 பேர் வரைக்கும் ஒரே லிஸ்ட்டா போட்டு வைக்கலாம், புதுசா வர்றவங்க ஒரு பட்டன தட்டினா மொத்த பேரையும் ஃபாலோ பண்ணிடலாம். கூட்டமாவே குடியேறலாம், அதான் விஷயம்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதல்ல பழைய ட்விட்டர் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல போய் ஆர்க்கைவ் (உங்க டேட்டாவோட காப்பி) கேளுங்க, ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், ஒரு ஜிப் ஃபைலா வரும். ஆனா நீங்க ஃபாலோ பண்றவங்க லிஸ்ட் அதுக்குள்ள வெறும் நம்பரா இருக்கும், பேரே இருக்காது, இத பாத்துட்டு நான் அரை நாள் தலைய பிச்சுக்கிட்டேன். அதனால பழைய அக்கவுண்ட் உயிரோட இருக்கும்போதே ஸ்கை ஃபாலோவர் பிரிட்ஜ்னு ஒரு ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, அத ஓட்டுங்க, நீங்க ட்விட்டர்ல ஃபாலோ பண்றவங்கள ப்ளூஸ்கைல தேடி குடுக்கும். பேர வச்சும் பொருத்தம் பாக்குறதால தப்பும் வரும், ஒவ்வொண்ணா பாத்து டிக் பண்ணுங்க. நான் கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் தட்டினதுல, ஜெனெடிக்ஸ் ப்ரொஃபசர்னு நெனச்சு அதே பேர்ல இருந்த பூனை போட்டோகாரர் ஒருத்தர ஆறு மாசம் ஃபாலோ பண்ணிட்டு இருந்தேன் (பூனைங்க நல்லாத்தான் இருந்துச்சு).

அடுத்து ஹேண்டில், அதாவது ப்ளூஸ்கைல @ போட்டு வர்ற உங்க பேரு. லேப் வெப்சைட்டோ சொந்த டொமைனோ இருந்தா அதையே ஹேண்டிலா வச்சுக்கோங்க. செட்டிங்ஸ்ல ஹேண்டில் பகுதியில சொந்த டொமைன் இருக்குன்னு குடுத்தா ஒரு வரி காட்டும், அத அப்படியே காப்பி பண்ணி டொமைனோட டிஎன்எஸ் செட்டிங்ஸ்ல (டொமைன நிர்வாகம் பண்ற எடத்துல இருக்கும்) டிஎக்ஸ்டி ரெக்கார்டா ஒட்டணும், யுனிவர்சிட்டி டொமைன்னா ஐடி ஆளுங்கள கெஞ்சணும், வேற வழியில்ல. ட்விட்டர்ல காசு குடுத்து நீல டிக் வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல், ஏன்னா அந்த டொமைன் உங்க கையில இருந்தாத்தான் இந்த பேரே வைக்க முடியும்.

உங்க ஃபீல்டுக்கு ஸ்டார்ட்டர் பேக் இருந்தா அத போட்டவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பி என்னையும் சேருங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. இல்லேன்னா நீங்களே போடுங்க, பெரிய தலைங்கள மட்டும் அடுக்காம டெய்லி எழுதுற பிஎச்டி பசங்களயும் போடுங்க, பேச்சு நடக்குறது அவங்களாலதான்.

மாஸ்டடானும் செத்துப்போகல. அது ஒரே தளம் இல்ல, ஆளாளுக்கு தனித்தனியா நடத்துற சர்வருங்க சேர்ந்தது, ஏதாவது ஒண்ணுல சேரணும். மேத்ஸ் ஆளுங்களுக்கு மாத்ஸ்டடான்னு ஒரு சர்வர் இருக்கு, பெரிய கணித மேதை டெரன்ஸ் டாவோவே அங்க எழுதுறாரு. ஆனா சர்வர பாத்து எடுங்க. நான் சேர்ந்த குட்டி சர்வர நடத்துனவரு செலவு தாங்கல, மூடப்போறேன்னு மெயில் போட்டிருக்காரு, நான் படிக்கல. அக்கவுண்ட் மாத்தணும்னா புது சர்வர்ல பழைய அக்கவுண்ட் பேர அலியாஸா (இதுவும் நான்தான்னு) சேத்துட்டு, பழைய சர்வர்ல இருந்துதான் மூவ் குடுக்கணும், அப்பதான் ஃபாலோவர்ஸ் கூட வருவாங்க (போஸ்ட் எப்படியும் வராது). பழைய சர்வரே இல்லன்னா எங்க இருந்து மூவ் குடுக்கிறது? போச்சு.

பழைய ட்விட்டர் அக்கவுண்ட்ட கோவத்துல டெலீட் பண்ணிடாதீங்க, உங்க பேர வேற எவனாவது எடுத்துக்கலாம். புது முகவரிய பயோல போட்டு, பின் பண்ண போஸ்ட்லயும் எழுதி விட்டுட்டு போங்க. ரீப்ளை எதுக்கும் பதில் சொல்லாம இருக்கிறதுதான் கஷ்டம்.

அப்புறம் உங்க கான்ஃபரன்ஸ் போஸ்டர் டெம்ப்ளேட்ட தொறந்து மூலையில ட்விட்டரோட பழைய லோகோ, ஒரு நீலக்குருவி, உக்காந்திருக்கும் பாருங்க, அத எடுத்துடுங்க. போன வருஷம் வரைக்கும் என் ஸ்லைடு எல்லாத்துலயும் அது இருந்துச்சு, கேள்வி நேரத்துல ஒரு மாஸ்டர்ஸ் பொண்ணு கைய தூக்கி கேட்ட ஒரே கேள்வி அத பத்திதான்.