மன்னவனூர் ஏரிக்கு முதன்முறை நடந்து செல்பவர்களுக்கு

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஏரிக்குச் சென்று, திரும்பும் வழியில் இடிமழையில் அகப்பட்டுக்கொண்டேன். இந்த ஆண்டு அதே வாரத்தில் நனையாமல் சென்று வந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. சொந்த வாகனத்தில் கொடைக்கானல் வருபவர்கள் வீட்டிலிருந்தே இ-பாஸ் எடுத்துவிட வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கிளம்புங்கள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை வாங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அதற்காக நான் நின்ற அரைமணி நேரத்தைத்தான் பிற்பகல் மழை என்னிடம் வசூலித்தது.

வனத்துறையின் நுழைவுச்சீட்டு வாங்கிய பின் புல்வெளியில் நடை தொடங்குகிறது. நான் தவறியது இங்கேதான். மற்ற மலைகளில் ஏற்றம் முதலிலும் இறக்கம் பிறகும் வரும்; இங்கே ஏரி கீழே இருப்பதால், போவது எளிதாகவும் திரும்புவது மூச்சு வாங்கும் ஏற்றமாகவும் அமைகிறது. கோடையின் கடைசி வாரங்களில் காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து மதியத்துக்குப் பின் இடிமேகமாகத் திரள்வதால், களைத்த கால்களும் மழையும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே பதினோரு மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் பரிசலையும் படம் எடுப்பதையும் விட்டுவிட்டு, வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ திரும்புங்கள். தனி மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

குடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலைக்காற்று அதை மடக்கிவிடும், ஒரு கையும் அதற்கே போய்விடும். முழங்காலுக்குக் கீழே வரும் மழைக்கோட்டே சிறந்தது. காலணியின் அடிப்பகுதி தேய்ந்திருந்தால் ஈரப்புல்லில் நிச்சயம் வழுக்கும்.

பின்னர்ச் சேர்த்தது: இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். மழை பெய்த மறுநாள் சோலை ஓரங்களில் அவை இருக்கும். நீண்ட காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வைக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பகுதியைத் தோலோடு ஒட்டி நெம்பி எடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கசிவு சற்று நேரம் நீடிக்கும். கழுவிவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருந்தால் நின்றுவிடும்.