எது எடுத்தாலும் 20: கடலோரத்தில் கடை போட

பாம்பனில் ஒன்பது வருஷமாக 'எது எடுத்தாலும் 20 ரூபாய்' கடை வைத்திருக்கிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்கள் சரக்கு எங்கே வாங்குவது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் மேஜையிலிருந்து ஆரம்பிப்பேன்.

அமெரிக்காவில் ஃபிராங்க் வுல்வொர்த் 1879 பிப்ரவரியில் யூட்டிகாவில் போட்ட 'எது எடுத்தாலும் ஐந்து சென்ட்' கடை சில மாதத்திலேயே படுத்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. ஜூனில் லங்காஸ்டரில் மறுபடி திறந்தார், பிடித்துக்கொண்டது. கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார் என்றிருந்த காலத்தில், விலைச்சீட்டு ஒட்டி, சரக்கை மேஜையில் பரப்பி, தொட்டுப் பார்க்க விட்டார். 1913இல் நியூயார்க்கில் 792 அடிக் கட்டடத்தை ரொக்கம் கொடுத்தே கட்டி முடித்தார்.

நான் கண்ணாடி அலமாரி போட்டு மூன்று மாதம் ஈ ஓட்டினேன். இப்போது இடுப்பு உயரத்தில் நாலு மேஜை. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிற அக்காமார் டீ வடிகட்டியைக் கையில் எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வைப்பதில்லை.

அடுத்தது உப்புக்காற்று. முதல் வருஷம் மதுரையிலிருந்து ஊக்கு அட்டைகளை அள்ளி வந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அட்டையெல்லாம் பழுப்பு. "தம்பி, ஜாக்கெட்டுல கறை ஏறிருச்சு" என்று ஒரு அக்கா கொண்டுவந்து காட்டினார். அன்றிலிருந்து பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தம் ஒன்று என் சட்டைப்பையில். கொள்முதலில் ஊக்கில் காந்தம் ஒட்டினால் இரும்பு, துருப்பிடிக்கும், வாங்குவதில்லை. மொத்தக் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

விலைக் கணக்கு: பிளாஸ்டிக் மக் எனக்கே 18 ரூபாய். இரண்டு ரூபாய்தான் நிற்கும், ஆனால் ஆளை உள்ளே இழுப்பது அதுதான். சீப்பும் ஊசிநூலும் எட்டு ரூபாய்க்குள் அடங்கும். மொத்தத்தில் கொள்முதல் சராசரி 13ஐத் தாண்டக்கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஊரில் காசு புழங்காது. மார்ச்சிலேயே பொம்மையைக் குறைத்துவிட்டு, வலை பின்னும் ஊசி, நைலான் நூல் வாங்கிப் போடுங்கள். கரையில் வலை பழுது பார்ப்பார்கள்.

அப்புறம், ஆடி அமாவாசைக்கு ஒரு மேஜையை வண்டியில் ஏற்றி ராமேஸ்வரம் கொண்டுபோங்கள். தீர்த்தம் பிடிக்கும் கேன் நன்றாகப் போகும். வாங்கும்போதே ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், மூடி ஒழுகக்கூடாது.