கொழும்பில் இருந்துகொண்டு மேய்ச்சல் கோழி வாங்குவது எப்படி?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இப்போது மாதத்துக்கு இரண்டு கோழிதான் சமைக்கிறோம். ஆனால் அந்த இரண்டும் எந்த வளவில் மேய்ந்தன, என்ன தின்றன என்று எனக்குத் தெரியும். பண்ணையில் நேரடியாக வாங்க நினைப்பவர்களுக்காக, நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், எது வேண்டும் என்று தெளிவாகுங்கள்

புரொய்லர் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தொட்டுவிடும். ஊர்க்கோழி வளர மாதக் கணக்காகும். மேய்ச்சல் கோழி என்பது ஓர் இனத்தின் பெயர் அல்ல, பகலில் வெளியே மேயவிட்டு வளர்க்கிற முறை. அதனால் "ஊர்க்கோழியா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "காலையில் எத்தனை மணிக்குத் திறந்துவிடுவீர்கள், எப்போது அடைப்பீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையாக வெளியே விடுகிறவர் உடனே பதில் சொல்லுவார்.

ஆளைத் தேடுதல்

கம்பஹா, குருநாகல், சிலாபம் பக்கத்துத் தென்னங்காணிகளில் கோழி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஒழுங்கைக்குத் தேங்காய் கொண்டுவருகிறவரிடமும், அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற சிநேகிதர்களிடமும் விசாரியுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. சிங்களத்தில் "கம் குகுளு" என்றால் ஊர்க்கோழி என்று புரிந்துகொள்வார்கள்.

ஒரு தடவை நேரில் போங்கள்

இதை மட்டும் தவிர்க்க வேண்டாம். நான் ஆரம்பத்தில் தெருவோரத்தில் ஊர்க்கோழி என்று சொன்னதை நம்பி வாங்கினேன். இரண்டு மணிநேரம் அவித்தும் இறைச்சி ரப்பர் போல இருந்தது. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்: அதன் சொண்டின் நுனி வெட்டியிருந்தது. முட்டைப் பண்ணைகளில்தான் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க அப்படி வெட்டுவார்கள். முட்டை குறைந்த கிழட்டுக் கோழியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போனதும் நிலத்தைப் பாருங்கள். கோழி கிளறிய மண்ணும் கொத்தின புல்லும் கண்ணில் படவேண்டும். கூட்டுக்குள் மூக்கை எரிக்கிற நெடி அடித்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஒரு கோழியைப் பிடித்துத் தரச் சொல்லி, கால் மூட்டைப் பாருங்கள். ஈரமான எச்சத்திலேயே உட்கார்ந்து கிடந்த கோழிக்கு அங்கே கருகினது போல ஒரு தழும்பு இருக்கும். அப்புறம் நெஞ்செலும்பின் பின்முனையை விரலால் மெல்ல அமர்த்துங்கள். இளசு என்றால் வளையும், முற்றியது என்றால் கல்லுப்போல நிற்கும்.

"புல் மட்டும்தான் தின்னும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோழி மாடு இல்லை. அதற்குத் தானியமும் வேண்டும். மஞ்சள் கொழுப்பும் மேய்ச்சலுக்கு அத்தாட்சி ஆகாது, சோளம் தின்றாலும் அந்த நிறம் வரும்.

விலை பேசி, ஓடர் கொடுத்தல்

உயிர் நிறைக்கா, துப்பரவாக்கிய நிறைக்கா விலை என்பதை முதலிலேயே கேளுங்கள். உயிரோடு 2 கிலோ நிறுத்தது, துப்பரவாக்கியதும் கிட்டத்தட்ட 1.4 கிலோதான் வரும். இதில் குழம்பினால் மனஸ்தாபம்தான். ஹலால் முறை வேண்டுமென்றாலும், தோலோடு வேண்டுமா உரித்து வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நாட்காட்டியையும் பாருங்கள்: போயா தினத்தில் இறைச்சிக்காக அறுப்பதும் விற்பதும் தடை. முதல் தடவை இரண்டு கோழி போதும், ருசி பிடித்தபிறகு கூட்டலாம்.

கொண்டுவருதல்

ரெஜிபோம் பெட்டி, நிறைய ஐஸ். சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வர இரண்டு, மூன்று மணிநேரம் ஆகும். நம் வெயிலில் வெறும் பையில் கொண்டுவரவே கூடாது. ஐஸ் உருகிய தண்ணீர் இறைச்சியில் படாமல் பொலித்தீன் பையை இறுக்கிக் கட்டுங்கள்.

வீட்டில்

அறுத்த அன்றே சமைக்க அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் வைத்தால் விறைப்பு விட்டு மெதுவாகும். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதென்றால் ஒரு நேரக் கறிக்கு அளவாகப் பிரித்து பிரீசரில் போடுங்கள். குழாயின் கீழே பிடித்துக் கழுவினால் கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும், கவனம்.

சமைக்கும்போது புரொய்லர் கணக்கை மறந்துவிடுங்கள். நடந்து வளர்ந்த கால் இறைச்சி இறுக்கம். நான் கறித்தூள் போட்டு, மெல்லிய நெருப்பில் மூடி, ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் விடுவேன். முதற்பாலைக் கடைசியில்தான் விடுவேன். எலும்பிலிருந்து இறைச்சி கரண்டி பட்டதும் கழன்றால் இறக்கிவிடலாம்.