முர்னாவ் மாதிரி ஒரு பவேரியச் சிற்றூரைப் புரிந்துகொள்வது எப்படி

"அக்கா, இத்தனை சின்ன ஊரில் ஒரு வீடு கிடைக்க ஏன் இவ்வளவு பாடு?" எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஊரில் சுமார் 12,000 பேர். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டியவரை பச்சை. ஆனால் கட்ட இடமில்லை என்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு விடுமுறை நாளில் அவர்களை நடக்கக் கூட்டிப்போகிறேன். திரும்பும் வழியில் நகராட்சி அலுவலகத்துக்கு, அதாவது ராட்ஹவுஸுக்கு வெளியே தொங்கும் அறிவிப்புப் பெட்டியைக் காட்டுகிறேன். முதலில் நிலம், அடுத்து தெரு, கடைசியில் ஊரை நடத்தும் உள்ளாட்சிச் சபை. இந்த வரிசையில் பார்த்தால் தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் எந்தச் சிற்றூரும் பிடிபடும். எனக்குத் தெரிந்தது முர்னாவ், ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

கிளம்பும் முன் போனில் பயர்ன்அட்லஸ் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். மாநில அரசின் வரைபடம், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு மனையின் எல்லைக் கோடும் அதில் உண்டு. இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளையும் நினைவுச்சின்னக் கட்டடங்களையும் தனித்தனி அடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். 19 ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக அளந்து வரைந்த வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் படியவைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். அன்று ஊர் எவ்வளவு இருந்தது, பிறகு எந்தப் பக்கம் நீண்டது, எந்தப் பக்கம் ஒரு அடிகூட நகரவில்லை என்று பாருங்கள். நகராத பக்கத்துக்குத்தான் முதலில் நடக்கவேண்டும்.

முர்னாவில் அது தெற்கும் மேற்கும். ராம்ஸாக் தேவாலயத்தின் பக்கம் இறங்கினால் முர்னாவர் மூஸ் தொடங்கும். சுமார் 32 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலம். மத்திய ஐரோப்பாவில் தொடர்ச்சியாக மிஞ்சியிருக்கும் இத்தகைய நிலங்களில் மிகப் பெரியதாகச் சொல்லப்படுவது இதுதான். பனியுகத்தில் லொய்சாக் பனியாறு தோண்டிய பள்ளம், பனி உருகியதும் ஏரியானது, ஏரி தூர்ந்து சதுப்பானது. நடுவே அங்கங்கே முளைத்து நிற்கும் சிறு குன்றுகளைக் கோஹெல் என்பார்கள். பனியாற்றாலேயே தேய்க்க முடியாத கடினப் பாறை அது. அதனாலேயே பின்னால் மனிதர்கள் அதை வெடிவைத்து உடைத்து ஜல்லிக்கு எடுத்தார்கள். சதுப்பைச் சுற்றிவரும் பாதை சுமார் 12 கிலோமீட்டர். மழை பெய்த மறுநாள் போகிறவர்கள் நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டேன்.

இப்போது திரும்பி ஊரைப் பாருங்கள். மேட்டின் மேல் வரிசையாக வீடுகள். இந்தப் பக்கம் சதுப்பு, அந்தப் பக்கம் ஸ்டாஃபெல்ஸே ஏரி. இரண்டுக்கும் நடுவில் உயர்ந்து நிற்கும் அந்த மேடுதான் முர்னாவ். சதுப்பின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட நிலம், அங்கே ஒரு கொட்டகைகூடப் போட முடியாது. சரி, ஏரிக்கரையில் கட்டலாமே என்றால் ஏரியும் அதன் தீவுகளும் பெரும்பாலும் பக்கத்து ஸேஹவுஸன் கிராமத்தின் எல்லைக்குள் வருகின்றன. அது தனி ஊராட்சி, அதற்குத் தனி மேயர். வரைபடத்தில் ஊராட்சி எல்லைக் கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாலே வீட்டுக் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

அப்புறம் தெரு. ஓபர்மார்க்ட், உண்டர்மார்க்ட் என்று மேலும் கீழுமாக நீளும் கடைத்தெருவின் நடுவில் நின்று அகலத்தைப் பாருங்கள். குடியிருப்புக்காக மட்டும் போட்ட தெரு இவ்வளவு அகலமாக இருக்காது. ஆக்ஸ்பர்க்கிலிருந்து பார்ட்டன்கிர்ஹன், மிட்டன்வால்ட் வழியாக ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குப் போன வணிகப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் சென்றது. சரக்கு வண்டிகள் நிற்கவும், குதிரை மாற்றவும், சந்தை கூடவும் இடம் வேண்டும். சந்தை நடத்தும் உரிமை இருந்த ஊர்தான் மார்க்ட். பேரரசர் லுட்விக் 1330 இல் எட்டால் மடத்தைக் கட்டினார். அதன் பிறகு முர்னாவும் மடத்தின் கைக்குப் போனது. 1803 இல் பவேரிய அரசு மடங்களின் சொத்துகளை எடுத்துக்கொள்ளும்வரை ஊரின் எஜமானர்கள் மடத்துக்காரர்கள்தான். பவேரியாவில் எந்த ஊருக்குப் போனாலும் 1803 க்கு முன் இது யார் கையில் இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். மடமா, பிஷப்பா, பிரபுவா, கோமகனா? தேவாலயம் ஏன் ஊருக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கிறது, காடு ஏன் அரசிடம் இருக்கிறது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் அங்கேயே பதில் இருக்கும்.

ரயில் 1879 இல் வந்தது. ரயிலோடு கோடைவாசிகளும் வந்தார்கள், மியூனிக் பணமும் வந்தது. இங்கே மாளிகை கட்டிக் குடிவந்த கட்டடக் கலைஞர் எமானுவேல் ஃபொன் ஸைடல், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைத்தெரு வீடுகளின் முகப்புகளுக்கு வண்ணம் பூசவைத்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் "பழமையான பவேரியா" என்று படம் எடுக்கும் அழகில் பாதி அவர் யோசனை. 1908 கோடையில் ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் காப்ரியேலே முண்டரும் இங்கே வந்து தங்கி இந்த நிறங்களைத்தான் வரைந்தார்கள். அடுத்த வருடம் முண்டர் வாங்கிய வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. காண்டின்ஸ்கி கையால் வரைந்த படிக்கட்டை அங்கே பார்க்கலாம். நாஜிகள் அந்தக் கலையைச் சீரழிந்தது என்று ஒதுக்கிய காலத்தில், அதே வீட்டின் நிலவறையில் முண்டர் ஓவியங்களை ஒளித்துவைத்திருந்தார். 1957 இல், தன் 80 வயதில், அவற்றை மியூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு மொத்தமாகக் கொடுத்தார். எனக்கு ஓவியம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த நிலவறையை நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடப்பது வேறு அனுபவம்.

சுற்றுலாக் கையேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நாடகாசிரியர் ஓடன் ஃபொன் ஹோர்வாத் இங்கே வாழ்ந்தவர். 1931 பிப்ரவரியில் ஒரு விடுதி அரங்கில் சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டத்தில் நாஜிகள் அடிதடியில் இறங்கியதை நேரில் பார்த்து, நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 1933 இல் அவர் இந்த ஊரை விட்டுப் போகவேண்டியதாயிற்று. நாஜிகளை எதிர்த்த வெள்ளை ரோஜாக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் 1919 இல் பிறந்ததும் முர்னாவில்தான். 1943 இல் அவரைக் கொன்றார்கள். 1939 முதல் 1945 ஏப்ரல் வரை இங்கிருந்த ராணுவக் குடியிருப்பில் போலந்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் போர்க்கைதிகளாக அடைக்கப்பட்டிருந்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் படை இருந்த ஒரு ராணுவக் குடியிருப்பின் இடத்தில் இன்று அலுவலகங்கள் இருக்கின்றன, பெயர் கெம்மல்பார்க். கட்ட இடமில்லாத ஊரில் பழைய ராணுவ இடம் காலியாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி சபை. இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மார்க்ட் என்பது கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட தகுதி, நம் பேரூராட்சி மாதிரி. பவேரியாவின் 2,056 உள்ளாட்சிகளில் 380 க்கும் மேற்பட்டவை மார்க்ட்கள். அதிகாரத்தில் வித்தியாசம் எதுவும் கிடையாது, இன்று அது வெறும் பட்டம், ஆனால் விடமாட்டார்கள். எங்கள் மாவட்டத் தலைநகர் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹன் முர்னாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, இன்னும் மார்க்ட்தான். 1936 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக 1935 இல் இரண்டு மார்க்ட்களை ஒன்றாக்கிய ஊர் அது. ஊர் எல்லையில் இருக்கும் மஞ்சள் பலகையைப் படியுங்கள், ஊர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று கீழே போட்டிருக்கும். முர்னாவ் 1972 வரை வைல்ஹைம் மாவட்டத்தில் இருந்தது. 1972 முதல் 1978 வரை நடந்த சீரமைப்பில் பவேரியாவின் சுமார் 7,000 உள்ளாட்சிகள் 2,000 அளவுக்குக் குறைந்தன. எல்லைகளும் அப்போதுதான் இடம் மாறின. வயதானவர்கள் சிலர் இன்னும் அதைப் பற்றி முணுமுணுப்பார்கள்.

எந்த வேலைக்கு எந்தக் கதவு என்று தெரிந்துகொள்ளுங்கள். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் ராட்ஹவுஸில் முகவரி பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு கட்டாயம். பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளிக் கட்டடம், உள்ளூர்ச் சாலை, தீயணைப்புக் குழு எல்லாம் ஊரின் பொறுப்பு. ஆனால் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மாநிலம். விசா, கார் நம்பர், குப்பை, கட்டட அனுமதி என்றால் கார்மிஷில் உள்ள மாவட்ட அலுவலகம், லாண்ட்ராட்ஸம்ட். விசா நீட்டிப்புக்கு ராட்ஹவுஸ் கவுண்டரில் போய் வாதாடிப் பயனில்லை, அங்கே இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது? வருமான வரி வசூலில் 15 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது, தொழில் வரியும் நில வரியும் தனி. அந்த இரண்டு வரிகளின் விகிதத்தைச் சபையே தீர்மானிக்கிறது. 2025 முதல் பவேரியாவில் நில வரி மனையின் விலையைப் பார்ப்பதில்லை, பரப்பளவைத்தான் பார்க்கிறது. வாடகைக்கு இருப்பவர்களும் நெபன்கோஸ்டன், அதாவது வாடகைக்கு மேல் கட்டும் கூடுதல் செலவுக் கணக்கில் அதைக் கட்டுகிறார்கள். வந்த பணத்தில் ஒரு பெரிய துண்டை மாவட்டம் எடுத்துக்கொள்ளும்.

சபையில் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பதை மக்கள்தொகைதான் முடிவு செய்யும். 10,000 முதல் 20,000 பேர் வரை உள்ள ஊருக்கு 24. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் கழித்து முதல் இருவருக்கும் மறுபடி போட்டி. ஆறு வருடத்துக்கு ஒருமுறை, 2020, 2026 என மார்ச்சில் தேர்தல். 24 இடமென்றால் உங்கள் கையில் 24 ஓட்டு. பிடித்த ஒருவருக்கு மூன்று வரை கொடுக்கலாம், வெவ்வேறு கட்சிப் பட்டியல்களில் பிரித்தும் போடலாம். அதனால் பட்டியலின் அடியில் இருக்கும் ஒரு பேக்கரிக்காரர் மேலே தாவிவிடுவது உண்டு. குறைந்தது 5 சதவீத ஓட்டு வாங்கினால்தான் இடம் என்ற தடையும் இல்லை, சின்னக் குழுக்கள்கூட உள்ளே வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் இதில் ஓட்டுப் போடலாம். நம்மைப் போன்ற மற்ற நாட்டுக்காரர்களுக்கு ஜெர்மன் குடியுரிமை வாங்கும்வரை கிடையாது. வரி மட்டும் முதல் மாதத்திலிருந்தே.

ஆனால் ஓட்டு இல்லாமலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன, நான் சொல்ல வந்ததே இதுதான். முதலாவது, சபைக் கூட்டம். பொதுப் பகுதிக்கு யாரும் போய் உட்காரலாம், பேச மட்டும் முடியாது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு நிகழ்ச்சி நிரலை அறிவிப்புப் பெட்டியிலும் இணையத்திலும் போடுவார்கள். காலை ஷிப்ட் உள்ள வாரம் பார்த்து, நிரலில் பெபவுங்ஸ்ப்ளான் என்ற சொல் இருக்கும் மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பகுதியில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், எத்தனை வீடு என்று முடிவுசெய்யும் திட்டம் அது. வீட்டுமனையை உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை விலையில் கொடுப்பது பற்றியும் விவாதம் வரலாம். அதற்கு 2017 இல் ஐரோப்பிய ஆணையத்தோடு பேசி விதிமுறை வகுத்திருக்கிறார்கள். நிலத்தையும் தெருவையும் முன்பே பார்த்திருந்தால், மேசையில் விரியும் வரைபடத்தில் மூஸ் எங்கே, மேடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். பாதி ஜெர்மன் புரியாவிட்டாலும் விவாதம் புரிந்துவிடும்.

இரண்டாவது, அந்தத் திட்டத்தின் வரைவைக் குறைந்தது ஒரு மாதம் பொதுப் பார்வைக்கு வைக்கவேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். சபை அதை எடைபோட்டுப் பார்த்தே ஆகவேண்டும். உங்களுக்கு ஒரு பதிலும் வரும். ஊழியர் குடியிருப்பு வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து எழுதியதற்கு வந்த பதில் அத்தனை சுவையாக இல்லை, ஆனால் வந்தது.

மூன்றாவது, பூர்கர்ஃபெர்ஸாம்லுங். வருடத்துக்கு ஒருமுறையாவது மேயர் இந்த மக்கள் கூட்டத்தைக் கூட்டியாகவேண்டும். இங்கே பேச ஓட்டுரிமை தேவையில்லை, அந்த ஊரில் குடியிருந்தால் போதும். பரிந்துரை மீது கை தூக்குவது மட்டும் ஓட்டுரிமை உள்ளவர்களுக்கு. பரிந்துரை நிறைவேறினால் மூன்று மாதத்துக்குள் சபை அதை எடுத்துப் பேசவேண்டும். ஆகவே உங்கள் கோரிக்கைக்காகக் கை தூக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேச்சை இரண்டு நிமிடத்துக்குள் அடங்குமாறு ஜெர்மனில் எழுதி, மருத்துவமனை வார்டில் யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மைக் வந்ததும் முதலில் பெயரையும் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அதன் பிறகு விஷயத்துக்கு வரலாம்.