ஓட்டை நிறைந்த அணி டிராஃப்டில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஏப்ரல் மாதம் நடக்கும் டிராஃப்டில் கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை 32 அணிகளும் ஏழு ரவுண்டுகளில் முறை வைத்து எடுக்கின்றன. போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. 53 பேர் கொண்ட அணியில் பத்து இடம் பலவீனம், கையில் இருப்பதோ ரவுண்டுக்கு ஒன்றாக ஏழு பிக் (ஒரு வீரரை எடுக்கும் உரிமை; இதை வேறு அணிக்குக் கைமாற்றலாம்). கணக்கு இங்கேயே உதைக்கிறது. எல்லா ஓட்டையையும் ஒரே ஏப்ரலில் அடைத்துவிடலாம் என்ற அவசரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அவற்றில் மிகவும் விலை கூடியது, ஒரே வீரருக்காகப் பல பிக்கைக் கொடுத்து வரிசையில் மேலே ஏறுவது. 1999ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், ரிக்கி வில்லியம்ஸ் என்ற ரன்னிங் பேக்குக்காக (பந்தைச் சுமந்து ஓடுபவர்) அந்த ஆண்டு தன்னிடமிருந்த அத்தனை பிக்கையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் ரவுண்டு பிக்குகளையும் வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தது. அந்த சீசனில் 16 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. விளைவு, கொடுத்துவிட்ட 2000ஆம் ஆண்டு பிக் டிராஃப்டின் இரண்டாவது இடமாகப் போய் நின்றது.

2023ல் கரோலைனா பாந்தர்ஸ் அதே குழியில் விழுந்தது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரைஸ் யங்கை எடுக்க முதல் இடம் வேண்டும் என்று சிகாகோவுக்குக் கொடுத்தவை: 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024இன் முதல் ரவுண்டு, 2025இன் இரண்டாம் ரவுண்டு, போதாததற்கு அணியின் முதன்மை ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) டிஜே மூர். புதுப் பையன் பந்தை யாருக்கு எறிவான் என்று யாரும் கேட்கவில்லை போலும். அணி 2-15 (2 வெற்றி, 15 தோல்வி) என்று முடித்தது. 2024இன் முதல் பிக்கே சிகாகோவுக்குப் போனது. அடுத்த ஆண்டு பிக்கை விற்கும் அணி, அது 20ஆவது இடத்தில் விழும் என்று மனக்கணக்குப் போடுகிறது. பலவீனமான அணியின் பிக் அங்கே விழாது.

ஓட்டை நிறைந்த அணிக்குப் பொருந்துவது, உயர்ந்த பிக்கைக் கொடுத்துப் பல பிக்குகளை வாங்கி வரிசையில் இறங்கி வருவதுதான். ஜிம்மி ஜான்சன் காலத்து டல்லாஸ் கௌபாய்ஸ் பிக்குகளின் மதிப்பை ஒப்பிட உருவாக்கிய புள்ளி அட்டவணையில் முதல் பிக் 3000, 6ஆவது 1600, 12ஆவது 1200, 34ஆவது 560. 2023ல் டெட்ராய்ட் லயன்ஸ் 6, 81 இரண்டையும் அரிஸோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 மூன்றையும் வாங்கியது. அட்டவணைப்படி இரு பக்கமும் ஏறத்தாழ சமம். ஆனால் 12ல் ஜாமிர் கிப்ஸ், 34ல் சாம் லபோர்ட்டா என்று இரண்டு இடம் நிரம்பியது. அந்த 6ஆவது பிக்கும் லயன்ஸின் சொந்தமில்லை. தன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்தபோது வந்தது.

அடுத்தது, தேவையைப் பார்த்து மதிப்பைக் கோட்டைவிடுவது. 2009ல் ரிசீவர் தேவைப்பட்ட ரெய்டர்ஸ், 40 யார்டை 4.30 விநாடியில் ஓடினார் என்று டேரியஸ் ஹேவர்ட்-பேயை 7ஆவது இடத்தில் எடுத்தது. கல்லூரியில் பந்தைப் பிடித்துக் காட்டியிருந்த மைக்கேல் கிராப்ட்ரீ அப்போது மேசையில்தான் இருந்தார், 10ஆவதாகப் போனார். டிராஃப்டுக்கு முன்பே வீரர்களை மதிப்பெண் வாரியாக அடுக்குகளாகப் பிரித்து எழுதிவையுங்கள். ஒரே அடுக்கில் இருவர் மிஞ்சினால் மட்டும் தேவையைப் பாருங்கள்.

‘சிறந்த ஆளை எடு’ என்பதையும் கண்மூடிப் பிடிக்கக் கூடாது. லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்திற்குப் பிறகு புதுமுகத்தின் சம்பளம் எடுக்கப்படும் இடத்தை வைத்தே அமைகிறது. எந்த நிலையில் ஆடுகிறார் என்பது கணக்கில் வராது. இரண்டாவதாக எடுக்கும் ரன்னிங் பேக், முதல் நாளே அந்த நிலையின் உச்சச் சம்பளக்காரர்களோடு சேர்ந்துவிடுவார். அதே தொகைக்கு எட்ஜ் ரஷரோ (எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்) லெஃப்ட் டேக்கிளோ (தன் குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) கிடைத்தால், சந்தை விலையில் பாதிக்கும் கீழே வாங்கியதாக அர்த்தம். 2018ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது பிக்கில் எடுத்த சாக்வான் பார்க்லி அபாரமான ஆட்டக்காரர், அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் புதுமுகமும் அவரே. அணி 5-11.

குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு அவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐவரை மறப்பதும் பழைய நோய். 2002ல் ஹூஸ்டனின் டேவிட் கார் ஒரே சீசனில் 76 முறை வீழ்த்தப்பட்டார்.

பாதி வேலை மார்ச்சிலேயே முடிய வேண்டும். ஃப்ரீ ஏஜென்ஸியில் (ஒப்பந்தமில்லாத வீரர்களை வாங்கும் சந்தை) ஓராண்டு ஒப்பந்தத்தில் அனுபவசாலிகளை வாங்கி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பலகையாவது போட்டுவையுங்கள். டிராஃப்ட் இரவில் கை நடுங்காது. பழைய அணி விடுவித்த வீரர்களாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒப்பந்தம் முடிந்து வருபவரை வாங்கினால், நீங்கள் இழந்த வீரர்களுக்காகக் கிடைக்கவேண்டிய ஈட்டு பிக் (இழப்பீடாக லீக் தரும் கூடுதல் பிக்) ரத்தாகலாம். விடுவிக்கப்பட்டவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார்.

ஏழாவது ரவுண்டு முடிந்ததும் மேசையைச் சுருட்டிவிடாதீர்கள். தேர்வாகாத வீரர்களை அழைக்கும் போட்டி அந்த நிமிடமே தொடங்கும். அங்கே பலமான அணியை விட உங்களுக்குத்தான் வசதி: அணியில் காலி இடம் இருக்கிறது என்பதை அந்த வீரரின் ஏஜென்ட் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பார்.