உதிர்ந்த சிப்பித்தூள் தகட்டை இறுக்கிய விதம்

மட்டக்களப்பின் கல்லடி வாவிக்கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகளை இடித்து, எப்பொக்சிப் பிசினில் குழைத்து நான் வார்த்த தகடுகள், தூளின் பங்கு ஏறியதும் ஈரம் போதாத புட்டாய் விளிம்பில் உதிர்ந்தன. பிசினைக் கூட்டினால் உதிர்வு நிற்கும். ஆனால் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தைக் கொண்ட முத்துச்சிப்பியின் உட்படலத்தைப் பார்த்துத் தொடங்கிய வேலைக்கு அது அழகல்ல.

ஒரே அளவான உருண்டைத் துகள்கள், ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கும்போது கொள்ளளவில் சுமார் 64 சதவீதம் வரையே நெருங்கும். எஞ்சிய இடைவெளியெல்லாம் பிசினைக் குடிக்கும். ஆகவே பருந்தூளோடு துணியில் சலித்த நுண்தூளையும் கலந்தேன். சிறு துகள்கள் இடுக்குகளில் புகுந்துகொள்ள, அதே அளவு பிசின் எல்லாவற்றையும் நனைத்தது. தூளை முன்னரே சூடாக்கி உலர்த்தியதும் (மாரிக்காலத்தில் இதைத் தவிர்க்கவே இயலாது), அச்சில் இட்டு வாகன ஜக்கினால் அழுத்தியதும் குமிழ்களைக் குறைத்தன.

இப்போது அறுத்த முகத்தில் ஊசித்துளைகள் அரிது. எனினும் சிப்பியில் நுண்தட்டுகள் செங்கற்சுவர்போல் அடுக்கியிருக்கும் அமைப்பு இதில் இல்லாததால், விரிசல் வளைந்து திரியாமல் நேராகவே ஓடுகிறது.