வண்டி நின்றால் ஏசி சூடு: ரிலேதான் காரணம்

காரில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும்போது ஏசி காற்று ஜில்லென்று வந்தது. பாபநாசம் கடைத்தெரு நெரிசலில் நின்றதும் வெறும் சூடு. ஐயம்பேட்டை தாண்டி வேகம் எடுத்ததும் மறுபடி குளிர்ச்சி. மெக்கானிக் ஒருவர் பார்க்காமலே "கேஸ் தீர்ந்துபோச்சு, ரொப்பணும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை; குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கொஞ்சம் கசிந்திருந்தாலும் இப்படி ஆகலாம்தான்; ஆனால் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

வீட்டில் இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, பானெட்டைத் திறந்தேன். கம்ப்ரஸரை (ஏசி கேஸை அழுத்தும் பம்ப்) இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடித்தது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. கண்டென்சருக்கான (சூடான கேஸை ஆற்றும் தகட்டு அமைப்பு) ஃபேன் அசையவே இல்லை. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரை ஆற்றுகிறது; நின்றால் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். அது சுற்றாவிட்டால் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. இன்ஜினை அணைத்து, ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அந்த இடத்தில் அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகினேன். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் சுற்றியது! (சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் ஃபேன் சுற்றும், கை ஜாக்கிரதை.)

புது ரிலே வாங்கிப் போட்டேன். அப்புறம் கண்டென்சரைப் பார்த்தால், ரோட்டில் நெல் காயப்போடும் நம் ஊர்ப் பதரும் வைக்கோல் தூசியும் அப்பியிருந்தது. தகடுகள் வளையாமல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். இப்போது நெரிசலில் நின்றாலும் குளிர்கிறது.